கேள்வி பதில்: சுற்றிய நூலும் அதை நகர்த்தும் கைகளும்

சென்ற இதழில் மரபணுக்களைப் பற்றி எழுதிய பதிலுக்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் தொட்டன. உடம்பின் எல்லாச் செல்களிலும் ஒரே டிஎன்ஏ இருக்க, ஒவ்வொரு செல்லும் தனக்கு வேண்டிய மரபணுவை மட்டும் எப்படித் திறந்துகொள்கிறது? ஐந்து கடிதங்களை எடுத்துக்கொண்டு, இம்முறை வேறு பொருளுக்குப் போகாமல் இதையே பேசுகிறேன்.

கேள்வி: பிளஸ் டூ உயிரியல் பாடத்தில் டிஎன்ஏ, ஹிஸ்டோன் என்னும் புரதங்களின் மேல் மணிமாலை போலச் சுற்றியிருப்பதாகப் படம் இருக்கிறது. இடத்தைச் சுருக்குவதற்காக என்று ஆசிரியை சொன்னார். சுற்றிக் கிடப்பதைச் செல் எப்படிப் படிக்கும்? படிக்க முடியாதபடி சுற்றுவானேன்?
— மாணவி, தேவகோட்டை

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம், பாடநூல் தொடாமல் விட்டது அதைத்தான். இடச் சுருக்கம் உண்மையே. ஒரு மனித செல்லிலுள்ள டிஎன்ஏ முழுவதையும் நீட்டிப் போட்டால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். அது அடங்கவேண்டிய உட்கருவின் குறுக்களவோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைத் தாண்டாது. ஆனால் இடம் மிச்சமாவது ஒன்றே பயன் என்றால், சுற்றியதை அங்கங்கே பிரிக்கவும் திரும்பச் சுற்றவும் செல் இவ்வளவு சக்தியைச் செலவழித்துக்கொண்டிருக்காது.

காரைக்குடிப் பக்கம் கண்டாங்கி நெய்யும் வீடுகளில் ஊடைக்கு ராட்டையில் தார் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கை சக்கரத்தைச் சுற்ற, மறு கையின் விரலிடுக்கில் ஓடும் நூல் சின்னக் குச்சியில் ஏறும். டிஎன்ஏ ஏறும் குச்சி ஹிஸ்டோன்களால் ஆனது. எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 என்னும் நான்கும் இரண்டிரண்டாகக் கூடி எட்டுப் புரதங்கள் கொண்ட ஓர் உருளையாக நிற்க, அதன்மேல் டிஎன்ஏவின் 147 எழுத்துச் சோடிகள் ஒன்றரைச் சுற்றுக்குச் சற்றுக் கூடுதலாகச் சுற்றிக்கொள்கின்றன. பிறகு சிறிது நீளம் வெறும் நூல். அதற்குப் பின் அடுத்த உருளை. இந்த அலகுக்கு நியூக்ளியோசோம் என்று பெயர். இப்படி ஓர் அலகு திரும்பத் திரும்ப வருகிறது என்பதை ரோஜர் கோர்ன்பெர்க் 1974இல் முன்வைத்தார். அதன் வடிவத்தை அணு அளவில் 1997இல் காட்டியவர்கள் கரோலின் லூகர், திமோத்தி ரிச்மண்ட் குழுவினர். தார் உவமை முழுக்கப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாரில் சுற்றின்மேல் சுற்றாக நூறு சுற்று ஏறும். இங்கே ஒரு குச்சிக்கு இரண்டு சுற்றுகூட இல்லை, ஆனால் குச்சிகள் ஒரு செல்லுக்குச் சுமார் மூன்று கோடி. தாரில் நூல் இறுக்கத்தால் நிற்கிறது. இங்கே எதிர்மின்னேற்றம் கொண்ட டிஎன்ஏவும் நேர்மின்னேற்றம் மிகுந்த ஹிஸ்டோனும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

இனிப் படிப்பதற்கு வருவோம். மரபணுவைப் பார்த்து ஆர்என்ஏ படியெடுக்கும் பாலிமரேஸ் நொதி தானாக வந்து உட்காருவதில்லை. மரபணுவின் தொடக்கத்துக்கு அருகிலுள்ள குறிப்பிட்ட எழுத்துகளைச் சில புரதங்கள் முன்னதாகப் பிடித்து அதற்கு இடம் அமைக்கவேண்டும். அந்த எழுத்துகள் உருளைப் பக்கமாகத் திரும்பிக் கிடந்தால் பிடிக்க வழியில்லை. தொடக்கப் பகுதியை நியூக்ளியோசோமாகச் சுற்றி வைத்தால் படியெடுப்பு தொடங்குவதில்லை என்பதைக் கோர்ன்பெர்க்கின் ஆய்வகம் 1987இல் சோதனைக் குழாயில் காட்டியது. அடுத்த ஆண்டு மின் ஹானும் மைக்கேல் கிரன்ஸ்டைனும் உயிருள்ள ஈஸ்ட்டிலேயே எச்4 ஹிஸ்டோன் உற்பத்தியை நிறுத்திப் பார்த்தார்கள். பாஸ்பேட் பற்றாக்குறையின்போது மட்டுமே இயங்கவேண்டிய ஒரு மரபணு, பாஸ்பேட் தாராளமாக இருந்தபோதே இயங்கத் தொடங்கியது. ஆகவே சுற்றி வைப்பதே ஒரு பூட்டு. முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை நம் வீடுகளில் அறைகளுக்குக் குறைவில்லை. கலியாணம், படைப்பு என்று பங்காளிகள் கூடும் நாள்களில்தான் பல அறைகள் திறக்கின்றன. கல்லீரல் செல்லிலும் ஹீமோகுளோபின் மரபணு அப்படித்தான் குறையின்றி இருக்கிறது, பூட்டிக் கிடக்கிறது.

சுற்றின் ஓரங்கள் மட்டும் அவ்வப்போது தாமாகவே அவிழ்ந்து மூடுகின்றன. அப்படி அவிழ்ந்திருக்கும் நேரம் ஒரு நொடியின் நூறில் ஒன்று முதல் ஐந்து பங்கு வரைதான் என்று 2005இல் அளந்திருக்கிறார்கள். அந்த இடைவெளியில் நுழையத் தெரிந்த புரதங்களும் உண்டு. நடுப்பகுதியைத் திறக்கவோ, உருளையையே தள்ளி வைக்கவோ வேண்டுமானால் சக்தி செலவழித்து இழுக்கும் கைகள் வேண்டும். அந்தக் கைகளைப் பற்றித்தான் அடுத்த கடிதம் கேட்கிறது.

கேள்வி: மனித மரபணுக்களைத் திறக்கும் இயந்திரம் முதலில் ஈஸ்ட்டில்தான் தெரியவந்தது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எங்கள் தோட்டத்தில் பனை இருக்கிறது. கள்ளைப் புளிக்க வைக்கும் அந்த ஈஸ்ட்டுக்கும் நம் உடம்புக்கும் என்ன சம்பந்தம்?
— வாசகர், கல்லல்

பதில்: உங்கள் பனையிலிருந்தே தொடங்கலாம். பதநீரின் இனிப்பு பெரும்பாலும் சுக்ரோஸ், அதாவது நாம் காப்பியில் போடும் அதே சர்க்கரை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாற்றின் புளிப்பு ஏறாமல், ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தலையெடுக்க முடியாமல், அது பதநீராகவே நிற்கும். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் நுரை கட்டி, நம் மாநிலத்துச் சட்டம் அனுமதிக்காத பொருளாகிவிடும். ஈஸ்ட் சுக்ரோஸைப் பயன்படுத்துவது பெரும்பாலும் இன்வர்டேஸ் என்னும் நொதியால். அதை வெளியே அனுப்பி, சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைத்து, பிறகு அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்த நொதிக்கான மரபணுவின் பெயர் எஸ்யூசி2. குளுக்கோஸ் நேரடியாகவே நிறையக் கிடைக்கும்போது இன்வர்டேஸ் செய்வது வீண்செலவு என்பதால் அப்போது எஸ்யூசி2 மூடியிருக்கும். குளுக்கோஸ் குறைந்ததும் திறக்கும்.

1980களின் தொடக்கத்தில் மரியன் கார்ல்சன், சுக்ரோஸைக் கொடுத்தாலும் புளிக்க வைக்கத் தெரியாத ஈஸ்ட் திரிபுகளைத் தேடிப் பிடித்தார். அவற்றில் பழுதாகியிருந்த மரபணுக்களுக்குச் ‘சுக்ரோஸைப் புளிக்க வைக்காதவை’ என்ற பொருளில் எஸ்என்எஃப் என்று பெயர். அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் ஐரா ஹெர்ஸ்கோவிட்ஸின் குழு, ஈஸ்ட் தன் இணைசேரும் வகையை மாற்றிக்கொள்வதற்கு வேண்டிய மரபணுக்களைத் தேடி, ‘ஸ்விட்ச்’ என்ற சொல்லைச் சுருக்கி எஸ்டபிள்யூஐ என்று பெயரிட்டது. ஒருவர் சர்க்கரையைத் தேடினார், இன்னொருவர் இணைசேர்தலைத் தேடினார். கடைசியில் இரு பட்டியலிலும் ஒரே மரபணு வேறு வேறு பெயரில் உட்கார்ந்திருந்தது. இன்று இரண்டையும் சேர்த்து ‘ஸ்விட்ச்-ஸ்னிஃப்’ என்று அழைக்கிறார்கள். நம் ஊர் வீட்டுப் பட்டப்பெயர்களைப் போல, வந்த காரணம் மறந்துபோன பிறகும் பெயர் நின்றுவிட்டது.

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த கட்டம் இதற்கு அடுத்தது. ஸ்னிஃப் பழுதான ஈஸ்ட்டில் எஸ்யூசி2 திறக்காது. அந்த ஈஸ்ட்டிலேயே ஹிஸ்டோன் மரபணு ஒன்றையும் சேர்த்துக் கெடுத்தால், எஸ்யூசி2 மீண்டும் இயங்குகிறது என்பதை ஃப்ரெட் வின்ஸ்டனின் குழுவினர் 1992இல் வெளியிட்டார்கள். ஒரு பழுதை இன்னொரு பழுது சரிக்கட்டியது. இதைக் கொஞ்சம் நிதானமாக எண்ணிப் பாருங்கள். சாவி தொலைந்த வீட்டில் பூட்டும் துருப்பிடித்து விழுந்துவிட்டால் சாவி தேவைப்படாது. ஸ்னிஃப் செய்துவந்த வேலை, நேரடியாக மரபணுவை இயக்குவது அன்று, ஹிஸ்டோனின் பிடியை எதிர்ப்பதுதான் என்பது, புரதத்தைக் கண்ணால் பார்க்கும் முன்பே, இந்த ஒரு சோதனையின் தர்க்கத்திலிருந்து தெரிந்துவிட்டது. 1994இல் அந்தப் புரதத் தொகுதியைத் தனியே பிரித்தெடுத்து, அது செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறைச் செலவழித்து நியூக்ளியோசோமைக் குலைப்பதை நேரிலேயே காட்டினார்கள். பன்னிரண்டு வகைப் புரதங்கள் அளவில் கொண்ட அந்தக் கூட்டத்தில் இழுக்கும் வேலை ஸ்விட்ச்2 என்றும் ஸ்னிஃப்2 என்றும் பெயர் பெற்ற அந்த ஒன்றினுடையது. மற்றவை எங்கே உட்காரவேண்டும் என்று காட்டுகின்றன, உருளையைப் பிடித்துக்கொள்கின்றன.

இழுப்பது எப்படி என்றால், அந்தப் புரதத்தில் இரண்டு மடல்கள் இருக்கின்றன. அவை சுற்றின் ஓரத்தில் அல்லாமல் சற்று உள்ளே, டிஎன்ஏ உருளையோடு நன்றாக ஒட்டியிருக்கும் இடத்திலேயே பிடிக்கின்றன. ஓர் ஏடிபி மூலக்கூறு செலவானதும் மடல்கள் நெருங்கி, பிறகு விலகி, டிஎன்ஏவை ஏறத்தாழ ஓர் எழுத்துச் சோடி அளவு தள்ளுகின்றன. புழு முதுகை வளைத்து வளைத்து ஊர்வதைப் பார்த்தவர்களுக்கு இந்த அசைவு உடனே பிடிபடும். இப்படிப் பல அடிகள் வைத்தால், உருளை இருந்த இடத்திலேயே இருக்க, அதன் மேலிருந்த நூல் நகர்ந்து, மறைந்திருந்த எழுத்துகள் வெளியே வரும். சில வேளை உருளையே கழன்று போகும். குளுக்கோஸ் தீர்ந்த ஈஸ்ட்டில் எஸ்யூசி2வின் வாசலில் நடப்பது இதுவே. நம் செல்களிலும் இதே குடும்பத்து இயந்திரம், சற்றே மாறிய உறுப்புகளோடு, வேலை செய்துகொண்டிருக்கிறது. சம்பந்தம் கேட்டீர்களே, பங்காளி முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘மரபணுவை இயக்கும் புரதங்கள் அதன் தொடக்கத்தில் ஒருமுறை கூடி உட்கார்ந்துவிட்டால் வேலை முடியும் வரை அங்கேயே இருக்கும்’ என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். அது பழைய கருத்து அல்லவா?
— ஓய்வுபெற்ற விரிவுரையாளர், கோட்டையூர்

பதில்: பழைய கருத்துதான், ஐயா, தவறு என்னுடையது. நான் படித்த காலத்துப் புத்தகப் படங்களில் அந்தப் புரதங்கள் கல்லடுக்கு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். அந்தப் படம் மனத்தை விட்டுப் போகவில்லை.

அதைக் கலைத்த சோதனைகளில் ஒன்றைச் சொல்கிறேன். கார்டிசோல் போன்ற ஸ்டீராய்டுகளைப் பிடித்துக்கொண்டு உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்கும் ஏற்பிப் புரதம் ஒன்று இருக்கிறது. கோர்டன் ஹேகரின் குழு அதில் பச்சையாக ஒளிரும் புரதம் ஒன்றை ஒட்டி, அது பிடிக்கும் டிஎன்ஏ வரிசை அடுத்தடுத்து நிறைய இருக்கும் செல்லில் விட்டது. உருப்பெருக்கியில் அந்த இடம் ஒரு பச்சைப் புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளியின் மேல் மட்டும் லேசர் அடித்து ஒளியை அவித்துவிட்டார்கள். ஏற்பி அங்கேயே உட்கார்ந்திருப்பது உண்மையானால் புள்ளி கறுப்பாகவே நின்றிருக்க வேண்டும். நடந்தது வேறு: சில நொடிகளில் புள்ளி மறுபடி பச்சையாயிற்று. ஒளி அவிந்த ஏற்பிகள் இறங்கிப்போக, வெளியிலிருந்து ஒளி அவியாதவை வந்து ஏறிக்கொண்டன. இது 2000இல் வெளியானது. ஏறி இறங்குவது தற்செயலான உதிர்தல் மட்டுமா என்ற கேள்விக்கு, 2002இல் ஃப்ரீமனும் யமமோட்டோவும் பதிலின் ஒரு பகுதியைத் தந்தார்கள். மற்றப் புரதங்கள் சரியாக மடிய உதவும் துணைப் புரதங்களில் ஒன்றான பி23, டிஎன்ஏவின் மேல் கூடிய இந்த ஏற்பித் தொகுதியைக் கலைக்கும் வேலையையும் செய்கிறது என்று காட்டினார்கள்.

கலைப்பதை எல்லாவற்றிலும் வெளிப்படையாகச் செய்வது மோட்1 என்னும் ஈஸ்ட் புரதம். நம்மிடமும் அதன் இணை உண்டு. அதைப் புரிந்துகொள்ள அது கலைக்கும் பொருளை முதலில் பார்க்கவேண்டும். பல மரபணுக்களின் வாசலில் டி-ஏ-டி-ஏ என்று தொடங்கும் எழுத்து வரிசை இருக்கும். அதற்கு டாட்டா பெட்டி என்று பெயர், நாமறிந்த டாட்டாவுக்கும் அதற்கும் உறவில்லை. அதைப் பிடிக்கும் டிபிபி என்னும் புரதம் குதிரைச் சேணத்தின் வடிவம் கொண்டது. அது டிஎன்ஏவின் மேல் உட்காரும்போது டிஎன்ஏவை ஏறத்தாழ 80 பாகை வளைத்துவிடுகிறது. அந்த வளைவின்மேல்தான் மற்றப் புரதங்களும் பாலிமரேஸும் கூடுகின்றன. இவ்வளவு வளைத்துப் பிடித்தது எளிதில் விடாது. மோட்1 அதன் முதுகை ஒரு பக்கம் கவ்விக்கொண்டு, இன்னொரு பக்கம் தன் இயந்திரப் பகுதியை அருகிலுள்ள டிஎன்ஏவின் மேல் வைத்து, ஏடிபியைச் செலவழித்து டிபிபியை நெம்பி எடுக்கிறது. எடுத்ததோடு, தன் உறுப்பு ஒன்றைத் தாழ்ப்பாள் மாதிரி நீட்டி, டிபிபி டிஎன்ஏவைப் பிடிக்கும் உட்குழிவை மூடிவிடுகிறது. இந்த இயந்திரப் பகுதி ஸ்னிஃப்2இன் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது கவனிக்கத்தக்கது. நியூக்ளியோசோமை நகர்த்தும் அதே மோட்டார், வேறொரு கையில் மாட்டப்பட்டு, வேறொரு புரதத்தைப் பெயர்க்கிறது.

மோட்1 ஒரு தடுப்பான் என்றே முதலில் எண்ணினார்கள். டிபிபியைக் கழற்றினால் மரபணு நின்றுவிடும் அல்லவா? ஆனால் மோட்1 பழுதான ஈஸ்ட்டில் சில மரபணுக்கள் கூடுதலாக இயங்க, வேறு பல மங்கிப்போயின. காரணம் டிபிபியின் இருப்பு அளவானது என்பதும், டாட்டா பெட்டி உள்ள இடங்களில் அது விடாப்பிடியாக ஒட்டிக்கொள்ளும் என்பதும்தான். நம் ஊரில் ஒரு வீட்டுக் கலியாணத்துக்குப் போன அண்டா திரும்பினால்தான் அடுத்த வீட்டில் அடுப்பேறும். மோட்1 ஓரிடத்தில் கழற்றுவது, பெட்டி சரியாக அமையாத மற்ற மரபணுக்களுக்கு டிபிபி போய்ச் சேர்வதற்காகவும்தான். ஒரே புரதம், ஒரே செயல். ஒரு மரபணுவின் கணக்கில் தடை, இன்னொன்றின் கணக்கில் உதவி. எனவே என் பழைய வாக்கியத்தை இப்படித் திருத்திக்கொள்ளுங்கள்: புரதங்கள் கூடுவதும் கலைவதும் ஓயாமல் நடக்கின்றன, கலைக்கும் வேகத்தை மாற்றுவதும் மரபணுவைக் கட்டுப்படுத்தும் வழிகளில் ஒன்று.

கேள்வி: ‘நல்ல மரபணுக்களைத் திறந்துவிடும்’ என்று ஒரு சத்துமாவுக்கு டிவியில் விளம்பரம் வருகிறது. வாங்கலாமா என்று எங்கள் ஆச்சி கேட்கச் சொன்னார்கள்.
— பேரன், பள்ளத்தூர்

பதில்: ஆச்சி அவர்களுக்கு வணக்கம். மாவு பிடித்திருந்தால் கஞ்சி காய்ச்சிக் குடியுங்கள், மரபணுவுக்காக வாங்கவேண்டாம். மரபணுவைத் திறப்பதில் வேதிக்குறிகளுக்கும் பங்குண்டு என்பது மெய். ஹிஸ்டோன்களின் வால் பகுதியில் உள்ள லைசின் என்னும் அமினோ அமிலத்தில் அசிட்டைல் என்னும் சிறு துணுக்கு ஒட்டினால் அதன் நேர்மின்னேற்றம் போய், டிஎன்ஏவின் மேலுள்ள பிடி தளரும். ஸ்விட்ச்-ஸ்னிஃப் போன்றவற்றுக்கு அது வந்து உட்காரும் அடையாளமாகவும் ஆகும். அசிட்டைலுக்கும் படியெடுப்புக்கும் உள்ள உறவை வின்சென்ட் ஆல்ஃப்ரே 1964லேயே சுட்டிக்காட்டினார். அந்தத் துணுக்கை அகற்றும் நொதியைத் தடுக்கும் மருந்துகள் இருக்கின்றன: வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட்டுக்கு இந்தக் குணம் உண்டு என்று 2001இல் தெரிந்தது, தோலில் தோன்றும் ஒருவகை லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றுக்கு வோரினோஸ்டாட் 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் இவற்றில் எதுவும் நல்ல மரபணு, கெட்ட மரபணு என்று தேர்ந்து திறப்பதில்லை. ஒரே நேரத்தில் எத்தனையோ மரபணுக்களைக் கூட்டியும் குறைத்தும் விடும். மருத்துவர் கண்காணிப்பில் கொடுப்பது அதனால்தான். டப்பாவில் அடைத்த மாவுக்கு அந்தத் தேர்ச்சி எங்கிருந்து வரும்?

கேள்வி: இந்த இயந்திரம் பழுதானால் புற்றுநோய் வரும் என்று ஒரு மருத்துவர் சொல்லக் கேட்டேன். ஈஸ்ட் சர்க்கரை தின்பதற்கும் அதற்கும் அவ்வளவு நெருக்கமா?
— வாசகி, காரைக்குடி

பதில்: நெருக்கமே. மிகச் சிறு குழந்தைகளுக்குச் சிறுநீரகத்திலும் மூளையிலும் வரும் ராப்டாய்டு கட்டி என்னும் கொடிய நோய் இருக்கிறது, மிக அரிதானது. அதில் பழுதாகியிருப்பது ஸ்விட்ச்-ஸ்னிஃப் தொகுதியின் உறுப்பான ஸ்னிஃப்5 என்பதை 1998இல் கண்டார்கள். ஈஸ்ட்டில் சுக்ரோஸைப் புளிக்க வைக்காதவை என்ற பட்டியலில் வந்த அதே ஸ்னிஃப்5இன் மனித வடிவம். அதன் பிறகு பெரியவர்களின் கட்டிகளையும் வரிசையாகப் படித்துப் பார்த்ததில், மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தத் தொகுதியின் ஏதேனும் ஓர் உறுப்பில் பிறழ்வு இருப்பது தெரிந்தது. கருப்பையின் உட்படலத்திலிருந்தும் சூலகத்திலிருந்தும் வரும் சில வகைகளில் ஏரிட்1ஏ என்னும் உறுப்பு அடிக்கடி பாதிக்கப்படுகிறது.

ஓர் உறுப்பு போனால் ஏன் கட்டி வளரவேண்டும்? தொகுதி முழுதாக நின்றுவிடுவதில்லை. எங்கே உட்காரவேண்டும் என்ற குறிப்பு தவறிப்போகிறது. செல் முதிர்ந்து தன் வேலைக்கு வரவேண்டிய மரபணுக்கள் திறக்காமல் கிடக்க, பெருகும் நிலைக்கு உரியவை மூடப்படாமல் தொடர்கின்றன. எதிர்ப்பக்கத்தில் மரபணுக்களை மூடிவைக்கும் ஈஇசட்எச்2 என்னும் நொதியும் தடுப்பாரின்றி மேலோங்கிவிடுகிறது. அதைத் தடுக்கும் டாசெமெட்டோஸ்டாட் என்ற மருந்து, இதே ஸ்னிஃப்5 இல்லாத ஒருவகைச் சார்கோமா என்னும் மென்திசுப் புற்றுக்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

நோய்க்குறியியல் ஆய்வகங்களில் இந்தப் பழுதைக் கண்டறியும் முறை எளிமையானது. கட்டியிலிருந்து மெல்லிய சீவலை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டி, ஸ்னிஃப்5ஐப் பிடிக்கும் எதிர்ப்பொருளை ஊற்றி, அது பிடித்த இடமெல்லாம் பழுப்பாகும்படி சாயமேற்றுவார்கள். உருப்பெருக்கியில் கட்டிச் செல்களின் உட்கருக்கள் நீலமாக, வெறுமையாக நிற்கும். அவற்றின் நடுவே ஓடும் இரத்தக் குழாயின் சுவரில் இருக்கும் சாதாரணச் செல்களின் உட்கருக்கள் மட்டும் வரிசையாகப் பழுப்பாகத் தெரியும். சாயம் சரியாக ஏறியிருக்கிறது என்பதற்கு அந்தக் குழாய்ச் செல்களே சாட்சி என்பதால், மருத்துவர் முதலில் பார்ப்பது அவற்றைத்தான்.